ஒரு பென்னித் திகில் தொடர்கள்: எதில் ஆரம்பிக்கலாம்?

விக்டோரியா காலத்து லண்டனில் கூலிக்காரர்களும் வேலைக்காரப் பெண்களும் வாரம் ஒரு பென்னி கொடுத்து வாங்கிப் படித்த திகில் தொடர்களை நாமும் படித்துப் பார்க்கலாமே என்று நினைப்பவர்களுக்கு முதல் சிக்கல் எதை எடுப்பது என்பதுதான். காப்புரிமையெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது, பெரும்பாலானவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, காசு ஒரு பிரச்சினையே இல்லை. நேரம்தான் பிரச்சினை. ஒவ்வொன்றும் அவ்வளவு பெரிது. முதலில் எடுத்தது ஒத்துவரவில்லை என்றால் நூறு பக்கத்தில் மூடி வைத்துவிட்டு, "இந்த வகையே இப்படித்தான்" என்று மொத்தத்தையும் ஒதுக்கிவிடுவோம், அது பெரிய இழப்பு. அதனால் நான்கைந்து பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எல்லாரும் 'வார்னி தி வாம்பயர்'தான் முதலில் என்பார்கள், நான் 'தி மிஸ்டரீஸ் ஆஃப் லண்டன்' என்பேன்.

தேர்வுக்கு முன்னால், இவை எப்படி எழுதப்பட்டன, யார் கைக்குப் போயின என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' 1836-37ல் மாதத் தவணையாக வந்தபோது ஒரு தவணையின் விலை ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்னி. ஒரு ஷில்லிங்கை மொத்தமாகக் கதைக்குக் கொடுக்க ஒரு தையல்காரப் பெண்ணாலோ கடைப் பையனாலோ முடியாது, ஆனால் வாரத்துக்கு ஒரு பென்னி முடியும், அதுவும் முடியாதவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வாங்கலாம். நீராவி அச்சு இயந்திரமும் மலிவான காகிதமும் வந்த பிறகு இந்தக் கணக்கு பதிப்பாளர்களுக்குப் புரிந்துவிட்டது. எட்டுப் பக்கம், பக்கத்துக்கு இரண்டு பத்தி, கண்ணை நோகவைக்கும் பொடி எழுத்து, முன்பக்கத்தில் கொலையோ கடத்தலோ நடக்கும் ஒரு மரவெட்டுப் படம். இதில் பெரிய ஆள் எட்வர்ட் லாயிட். சாலிஸ்பரி ஸ்கொயரில் கடை வைத்து, டிக்கன்ஸையே 'ஆலிவர் ட்விஸ்', 'நிக்கலஸ் நிக்கிள்பெரி' என்று பெயரை லேசாகத் திருகி விற்றவர். பின்னாளில் இவர் பெயரில் நடந்த வாரப் பத்திரிகை, பத்து லட்சம் பிரதி விற்ற முதல் பிரிட்டிஷ் செய்தித்தாள் ஆனது. அந்த வளர்ச்சிக்கு முதல் போட்டுக் கொடுத்தவை இந்தப் பென்னித் தொடர்கள்.

எழுதியவர்களுக்கு வரிக் கணக்கில் கூலி. அதனால்தான் பக்கம் பக்கமாக "என்ன?", "ஆமாம்", "நிஜமாகவா?", "சத்தியமாக" என்று ஒற்றைச் சொல் வசனங்கள் ஓடும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு, ஆனால் ஆங்கிலம் இரண்டாவது மொழியான நமக்கு இது வசதி, டிக்கன்ஸின் ஒரு பக்கத்தைவிட, வார்னியை எழுதிய ரைமரின் பத்துப் பக்கம் வேகமாகப் போகும். இன்னொரு விஷயமும் உண்டு. பத்திரிகையாளர் ஹென்றி மேயு லண்டன் தெருவோர வியாபாரிகளை நேரில் சந்தித்து எழுதியவற்றில், எழுத்தறியாத தள்ளுவண்டிக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து, படிக்கத் தெரிந்த ஒருவரை இந்தத் தொடர்களை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்ட காட்சி வருகிறது. நடுநடுவே கத்துவார்கள், கேள்வி கேட்பார்கள், போலீஸ்காரன் அடிபட்டால் சந்தோஷப்படுவார்கள். ஆகவே இவை காதால் கேட்கவும், வாரா வாரம் கொஞ்சமாகச் சாப்பிடவும் எழுதப்பட்டவை. ஒரே மூச்சில் படித்தால் எந்தத் தொடரும் சலிக்கும்.

சரி, வார்னி. 1845-47ல் லாயிட் வெளியிட்டது, எழுதியவர் ஜேம்ஸ் மால்கம் ரைமர் என்பது இப்போதைய பொதுவான முடிவு, நீண்ட காலம் தாமஸ் பெக்கெட் பிரெஸ்ட் பெயரில் சொல்லப்பட்டு வந்தது. 232 அத்தியாயம், ஆறரை லட்சம் சொற்களுக்கு மேல். முதல் அத்தியாயம் உண்மையிலேயே அற்புதம்: ஆலங்கட்டி மழை பொழியும் ராத்திரி, தூங்கும் ஃப்ளோரா என்ற பெண், ஜன்னல் கண்ணாடியில் தட்டும் சத்தம் மழையா நகமா என்று தெரியாத அந்த நொடி, அப்புறம் கழுத்தில் பல். கோரைப் பல், கழுத்தில் இரண்டு துளை, மயக்கும் பார்வை, மனித சக்திக்கு மீறிய பலம் என்று 'டிராகுலா'வில் நாம் பார்த்துப் பழகியதில் பாதி அதற்கு 50 ஆண்டுக்கு முன்பே இங்கே இருக்கிறது. நிலா வெளிச்சம் பட்டால் செத்த வார்னி எழுந்துவிடுவான், இதற்காகவே பிணத்தை எங்கே போடுவது என்பது கதையில் பெரிய பிரச்சினை. தன் பிழைப்பையே வெறுக்கும், தன்னிடமிருந்து தப்பிக்க வழி தெரியாத பிசாசு என்ற எண்ணமும் இங்கேயே ஆழமாக வருகிறது, அது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

ஆனால் முதலில் படிக்க இது வேண்டாம். ஏனென்றால் கதை எங்கே போகிறது என்று எழுதியவருக்கே தெரியவில்லை. வார்னி நிஜமாகவே ரத்தக்காட்டேரியா, சொத்துக்காக அப்படி நடிக்கிறவனா என்பது நூற்றுக்கணக்கான பக்கத்துக்கு ஊசலாடுகிறது. எந்தக் காலத்தில் நடக்கிறது என்பதும் மாறுகிறது. ஊர்க் கும்பல் கல்லறையைத் தோண்டிப் பார்க்கும் பகுதி வரை பிடித்து இழுத்துக்கொண்டு போகும், பிறகு பின்பாதியில் ஒரே சம்பவம் ஊர் மாறி ஊர் மாறித் திரும்ப வரும்: புதுப் பெயரில் பணக்காரனாக வருவான், ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்யப் பார்ப்பான், குட்டு வெளிப்படும், ஓடுவான். வெசூவியஸ் எரிமலையில் முடியும் அந்தக் கடைசிக்கு வந்து சேர்பவர்கள் மிகக் குறைவு. ரத்தக்காட்டேரிக் கதைகளின் வரலாறுதான் உங்கள் ஆர்வம் என்றால் முதல் 40, 50 அத்தியாயம் படியுங்கள், அப்புறம் கடைசிப் பகுதிக்குத் தாவுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

அடுத்தது 'தி ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ்', ஸ்வீனி டாட் முதன்முதலாக வந்த கதை. லாயிடின் வாரப் பத்திரிகை ஒன்றில் 1846 நவம்பர் முதல் 1847 மார்ச் வரை 18 தவணைகளாக வந்தது. ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில் செயின்ட் டன்ஸ்டன் தேவாலயத்தை ஒட்டிய சவரக்கடை, தரைக்கடியில் கவிழும் நாற்காலி, பக்கத்து பெல் யார்டில் லவட் அம்மாளின் இறைச்சிப் பை (மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடும் பண்டம்) கடை. மாலுமி தார்ன்ஹில் ஒரு முத்துமாலையை ஜொஹானா ஓக்லி என்ற பெண்ணிடம் சேர்க்க வருகிறான், சவரத்துக்கு உட்காருகிறான், வெளியே அவனுடைய நாய் மட்டும் காத்துக்கிடக்கிறது. தொடர் முடிவதற்கு முன்பே, 1847 மார்ச் 1ஆம் தேதி ஹாக்ஸ்டனில் பிரிட்டானியா அரங்கில் இது நாடகமாகிவிட்டது, அவ்வளவு வேகம். ஸ்வீனி டாட் நிஜத்தில் வாழ்ந்தான் என்று சொல்லி வருவார்கள், ஏற்கத்தக்க ஆதாரம் எதுவும் இல்லை.

பிற்கால நாடகத்தையும் படத்தையும் பார்த்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டு இதைப் படிக்க வேண்டும். அந்தப் பழிவாங்கும் சோகக்கதை 1970களில் ஒரு நாடகாசிரியர் சேர்த்தது. மூல டாட் பேராசைக்காரன், அவ்வளவுதான், அவனுக்காக இரக்கப்பட ஒரு வரிகூட இல்லை. இதில் என்னைப் பிடித்து வைத்திருப்பது கொலையோ இறைச்சிப் பையோ இல்லை, டோபியாஸ் ராக் என்ற கடைப்பையன். முதலாளி என்ன செய்கிறான் என்று அவனுக்குத் தெரிகிறது. வெளியே சொல்ல முடியாது, ஏனென்றால் அவன் தாய் ஒருமுறை ஒரு வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டைத் திருடியது டாட்டுக்குத் தெரியும், வாயைத் திறந்தால் அவளைத் தூக்கில் போட வைப்பேன் என்கிறான். கடைசியில் பையனைப் பைத்தியக்கார விடுதியில் அடைத்துவிடுகிறான். வேலைக்குச் சேர்ந்த பையன் முதலாளி சொன்னதைத் தவிர வேறு எதற்கும் நாதியில்லாமல் இருப்பது எப்படி என்று இதை வாங்கிப் படித்த ஆயிரக்கணக்கான பையன்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்தக் கதையின் உண்மையான பயம் அங்கேதான் இருக்கிறது.

நேரம் குறைவு, ஒரு வாரத்தில் முடிக்க வேண்டும், முழுக்கதையாக வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் சரியான தேர்வு, தயங்காமல் எடுங்கள். ஒரே எச்சரிக்கை: இதற்கு இரண்டு வடிவம் உண்டு. 39 அத்தியாயம் கொண்டது முதல் வடிவம். 1850ல் அதையே ஊதிப் பெருக்கி 700 பக்கத்துக்கு மேல் விற்றார்கள். இணையத்தில் பெரியது சிறியதின் பெயரிலேயே கிடக்கும், இறக்குவதற்கு முன்னால் அத்தியாய எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

'வாக்னர் தி வேர்-வுல்ஃப்' பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 'மிஸ்டரீஸ்' எழுதிய ரெயினால்ட்ஸே 1846-47ல் தன் சொந்தப் பத்திரிகையில் எழுதியது. பேத்தி விட்டுப்போன 90 வயதுக் கிழவர் ஒருவர், இளமைக்கும் செல்வத்துக்கும் பதிலாக மாதாமாதம் ஓநாயாக மாறச் சம்மதிக்கிறார். அங்கிருந்து ஃப்ளாரன்ஸ், மதவிசாரணை மன்றம், துருக்கிய சுல்தானின் அரண்மனை என்று எங்கெங்கோ போகும். காது கேளாத, வாய் பேசாதவள்போல ஆண்டுக்கணக்காக நடித்து வரும் நிசிடா என்ற பெண்ணுக்காக மட்டுமே படிக்கலாம், விக்டோரியா காலத்து நாவல்களில் அவள் அளவுக்குத் துணிச்சலான, கொடூரமான, ஆசையை மறைக்காத பெண் பாத்திரம் அபூர்வம். ஒரே தொகுதியில் முடிவதும் நல்லது. ஆனால் லண்டன் இதில் இல்லை, அந்தத் தொழிலாளிகளின் வாழ்க்கையும் இல்லை. இதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 'தி மிஸ்டரீஸ் ஆஃப் லண்டன்'. ஜி. டபிள்யூ. எம். ரெயினால்ட்ஸ் பாரிஸில் சில ஆண்டுகள் இருந்தவர், அவர் திரும்பிய பிறகு அங்கே யூஜீன் சூ எழுதிய 'பாரிஸ் மர்மங்கள்' நாளிதழில் தொடராக வந்து நகரத்தையே ஆட்டிவைத்ததைப் பார்த்து, 1844 அக்டோபரில் லண்டனுக்கு அதேபோல ஒன்றை ஆரம்பித்தார். முதல் காட்சி 1831 ஜூலை, ஸ்மித்ஃபீல்ட் பகுதியில் புயல் ராத்திரி. வழி தவறிய ஓர் அழகான இளைஞன் ஒரு பாழடைந்த வீட்டுக்குள் ஒதுங்குகிறான், திருடர்கள் இருவர் பேசுவதைக் கேட்டு மாட்டிக்கொள்கிறான், தரையில் உள்ள பொறிக்கதவு வழியாகச் சாக்கடைக்குள் தள்ளப்படுகிறான். அந்த இளைஞன் உண்மையில் யார் என்பதில் அடுத்த நூறு பக்கம் ஓடிவிடும். இன்னொரு பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேர் பிரிகிறார்கள், இரண்டு மரம் நிற்கும் ஒரு குன்றில் சரியாக 12 ஆண்டு கழித்துச் சந்திப்போம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஒருவன் நேர்மையாக இருந்து சிறைக்குப் போகிறான், இன்னொருவன் மோசடி செய்து நாடாளுமன்றத்துக்குப் போகிறான்.

திகிலுக்கும் குறையில்லை. பிணம் திருடி மருத்துவர்களுக்கு விற்கும் அந்தோனி டிட்கின்ஸ், 'ரெசரெக்‌ஷன் மேன்', இந்த வகைக் கதைகளிலேயே பயங்கரமான வில்லன் என்று சொல்வேன். 1832ல் உடற்கூறு ஆய்வுச் சட்டம் வந்து, ஏழை விடுதியில் யாரும் உரிமை கோராமல் இறந்தவர்களின் உடலை அறுக்கலாம் என்று ஆன பிறகு, பிணத் திருட்டு ஓய்ந்தாலும் பயம் ஓயவில்லை, வாசகர்களுக்குத் தங்கள் உடலைப் பற்றியே பயம் இருந்தது. டிட்கின்ஸ் அந்தப் பயத்திலிருந்து எழுந்து வருகிறான். ஆனாலும் ரெயினால்ட்ஸ் அவனைத் தன் கதையைத் தானே சொல்ல வைக்கிறார், ஊரும் சட்டமும் சேர்ந்து எப்படி அவனை இங்கே கொண்டுவந்து விட்டன என்று. அவனுடன் இருக்கும் ராட்டில்ஸ்னேக் என்ற பெண்ணும் சொல்கிறாள். அவளுடையது நிலக்கரிச் சுரங்கத்தில் குழந்தையாக இழுத்துப் பாடுபட்ட கதை. 1842ல் குழந்தைத் தொழிலாளர் பற்றிய அரசு ஆணையத்தின் அறிக்கை நாட்டையே உலுக்கியிருந்தது, அந்தச் செய்திகளை ஒரு கொள்ளைக்காரியின் வாயில் வைத்து ஒரு பென்னிக்கு விற்கிறார். அறிக்கையைப் படிக்க வாய்ப்பே இல்லாத ஆட்களிடம் அது இப்படிப் போய்ச் சேர்ந்தது.

எலன் மன்ரோ பகுதி இன்னும் கடுமையானது. நல்ல நிலையில் இருந்து நொடித்த குடும்பத்துப் பெண், தையல் வேலைக்குப் போகிறாள். பெரிய துணிக்கடை கொடுக்கும் கூலி ஒரு கை மாறி, இன்னொரு கை மாறி, அவளிடம் வரும்போது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அப்புறம் அவள் சிற்பிக்கும் ஓவியனுக்கும் மாடலாக நிற்கிறாள், மேடையில் ஆடுகிறாள், படிப்படியாக விற்க வேண்டியதையெல்லாம் விற்கிறாள். மற்ற நாவல்களில் அப்படி ஒரு பெண்ணுக்குச் சாவுதான் முடிவாக வைப்பார்கள். ரெயினால்ட்ஸ் அவளைச் சாகவிடவில்லை, ஒழுக்கம் கெட்டவள் என்று தள்ளவும் இல்லை. இந்த ஒன்றுக்காகவே எனக்கு இவரிடம் மரியாதை.

கதையை நிறுத்திவிட்டு நேராக நம்மிடம் பேசுவது இவர் வழக்கம். ஓர் இடத்தில் வருமானப் பட்டியலே போடுகிறார்: அரசிக்கு ஆண்டுக்கு 5 லட்சம் பவுண்ட், உழைக்கும் வர்க்கத்து ஆளுக்கு 20 பவுண்ட், அதாவது வாரத்துக்கு எட்டு ஷில்லிங்கூட இல்லை. பக்கிங்ஹாம் அரண்மனைக்குள் ஒரு சாராயக்கடைப் பையன் நுழைந்து சோபாவுக்கு அடியில் ஒளிந்துகொண்டு அரசியின் பேச்சை ஒட்டுக்கேட்கும் அத்தியாயம் உண்டு, அது கற்பனை மாதிரி இருக்கும், ஆனால் எட்வர்ட் ஜோன்ஸ் என்ற பையன் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்தான் உண்மையிலேயே பலமுறை அரண்மனைக்குள் புகுந்து பிடிபட்டிருந்தான். அஞ்சலகத்தில் ரகசிய அறை வைத்துக் கடிதங்களைப் பிரித்துப் படிப்பது வரும், அதுவும் 1844ல் இத்தாலியப் புரட்சியாளர் மாஜினியின் கடிதங்களை அரசு பிரித்த விவகாரத்திலிருந்து வந்தது. செய்தித்தாளுக்கு வரி போட்டு ஏழைகளுக்கு எட்டாமல் வைத்திருந்த காலத்தில் கதை என்ற பெயரில் இவர் செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். இது வெறும் எழுத்தோடு நிற்கவும் இல்லை. 1848 மார்ச்சில் டிரஃபால்கர் சதுக்கத்தில் கூடிய பெரும் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியது இவர்தான், உழைக்கும் ஆண்களுக்கு வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தில் முன்னணிக்கும் வந்தார். 1850ல் தொடங்கிய இவருடைய வாரச் செய்தித்தாள் பெயர் மாறி மாறி 1967 வரை வந்தது.

நமக்கும் இவருக்கும் ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. தமிழில் நாவல் படிக்கும் பழக்கம் பரவத் தொடங்கிய காலத்தில் ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸின் நாவல்களைத் தழுவித் தமிழ்ப் பெயர்களோடும் தமிழ் ஊர்களோடும் எழுதினார், அவற்றுக்கு நல்ல வாசகர் கூட்டமும் இருந்தது. நம் பழைய துப்பறியும் கதைகளில் வரும் நிலவறை, ஆள்மாறாட்டம், பொல்லாத ஜமீன்தார் எல்லாம் எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால் அதற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அண்ணன் தம்பியில் நல்லவனான ரிச்சர்ட் மார்க்கம் உப்புச் சப்பில்லாதவன், அவன் வரும் பல பக்கங்களை ஓட்டிவிடலாம். பெண்களின் உடலை வர்ணிக்கும்போது, நியாயம் பேசிக்கொண்டே கண்ணைத் திருப்பாமல் பார்க்கிற ஒரு தொனி வரும், எனக்கு அது பிடிக்கவில்லை. நாடோடி இனத்தவரைக் காட்டும் விதம் அந்தக் காலத்து வெறுப்பிலிருந்து வெளியே வரவில்லை. நீளமும் கொஞ்சநஞ்சமில்லை. இருந்தாலும் வார்னியின் நீளம் கதையை இழுத்ததால் வந்தது, இது ஒரு நகரத்தையே உள்ளே அடைத்ததால் வந்தது, அந்த வித்தியாசம் படிக்கப் படிக்கத் தெரியும்.

'பிளாக் பெஸ்' போன்ற கொள்ளைக்காரத் தொடர்களை ஆர்வத்துக்காக ஒரு பத்துப் பக்கம் புரட்டினால் போதும். 1860களில் வந்தது, 254 தவணை, 2,000 பக்கத்துக்கு மேல் டிக் டர்பின் குதிரையில் போய்க்கொண்டே இருப்பான். நிஜ டர்பின் 1739ல் யார்க்கில் தூக்கிலிடப்பட்ட கொடூரமான கொள்ளைக்காரன், ஒரே ராத்திரியில் லண்டனிலிருந்து யார்க் போனதாகச் சொல்லும் புகழ்பெற்ற சவாரி 1834ல் வந்த ஒரு நாவல் பரப்பிய கற்பனை. இந்தக் கட்டத்தில் பெரியவர்கள் மலிவு வாரப் பத்திரிகைகளுக்கும் ஞாயிறு செய்தித்தாள்களுக்கும் போய்விட்டார்கள், பதிப்பாளர்கள் பையன்களைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கடுத்து 1871ல் வந்த 'ஜாக் ஹார்க்கவே' வகை, வெள்ளைக்காரப் பள்ளிப் பையன் உலகமெல்லாம் சுற்றிக் கண்டவர்களை அடிக்கும் கதை. அதில் நமக்கு எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை என்பது என் கருத்து.

ஆகவே 'மிஸ்டரீஸ்'தான் என்று முடிவெடுத்தால் இப்படிச் செய்யுங்கள். இந்தத் தலைப்பில் நிறையத் தொகுதிகள் கிடைக்கும், முதல் வரிசையின் இரண்டு தொகுதிகளை மட்டும் எடுங்கள், அண்ணன் தம்பி கதை அதிலேயே முழுதாக முடிந்துவிடும். இரண்டாம் வரிசையையும் ரெயினால்ட்ஸ்தான் எழுதினார், ஆனால் அது வேறு ஆட்கள், வேறு கதை. 1848ல் பதிப்பாளரோடு பிரிந்த பிறகு அதே தலைப்பில் வந்தவை வேறு எழுத்தாளர்களுடையவை, அவை வேண்டாம். அவர் தன் கதையை 'மிஸ்டரீஸ் ஆஃப் தி கோர்ட் ஆஃப் லண்டன்' என்று வேறு பெயரில் 1856 வரை தொடர்ந்தார், அரச குடும்பத்துக் கேவலங்கள் வேண்டும் என்பவர்கள் பிறகு அங்கே போகலாம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று அத்தியாயத்துக்கு மேல் வேண்டாம். படங்கள் உள்ள ஸ்கேன் பிரதி கிடைத்தால் அதையே எடுங்கள், தவணைக்கு ஒரு படம் இருப்பதால் பழைய வாசகனுக்கு அந்த வாரம் எங்கே தொடங்கியது என்பதும் தெரிந்துவிடும், அங்கங்கே நிறுத்திப் படிக்கலாம். முடிந்தால் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்து டிட்கின்ஸ் வரும் அத்தியாயங்களை மட்டுமாவது சத்தமாகப் படித்துப் பாருங்கள்.